பதினேழு சிவப்பு அம்புகள்

நான் நான்காவது படித்தபோது மண்ணரை என்ற ஊரில் எங்கள் வீட்டின் முன்பகுதி முழுக்க பனியன் யூனிட். பத்து மிஷின், ஒரு செக்கிங் டேபிள், மூட்டை மூட்டையாகத் துணி. துணி வைக்கக்கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான்: அம்மாவின் எழுதுமேசை.

குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது அலமாரி வாங்கப் போன அப்பா, அலமாரி கிடைக்காமல் அதைக் கொண்டுவந்திருந்தார். ஒல்லியான கால்கள். முன்பலகையை இறக்கினால் அதுவே எழுதும் இடம். உள்ளே ஆறு சின்ன அறைகள். செதுக்கல், பூவேலை எதுவும் கிடையாது. பத்தாவதோடு நின்றுவிட்ட அம்மா, பன்னிரண்டாவது பரீட்சையைத் தனியாக எழுத அதில்தான் படித்துக்கொண்டிருந்தார்.

முதன்முதலாக எங்களுக்கு நேரடி ஆர்டர் தர வந்த வெளிநாட்டு அம்மாள், பனியனை விட்டுவிட்டு மேசையைப் பார்த்தார். மண்டியிட்டு அடிப்பக்கம் டார்ச் அடித்தார். நூறு வருடத்துக்கு முன், அலங்காரமே வேண்டாம் என்று மேசை நாற்காலி வடிவமைத்த ஒருவருடையது இது என்று, கூட வந்த, ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் அண்ணன் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் அதை விலைக்குக் கேட்டார். விலையெல்லாம் எதற்கு, அடுத்த வாரம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானமே அம்மா நோட்டுகளை எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினார்.

"வேற டேபிள் வாங்கிக்கலாங் கண்ணு," என்று அப்பா என்னிடம் சொன்னார், அம்மாவுக்குக் கேட்கும்படி.

மேசையைப் போகவிடாமல் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி செக்கிங்கில் பார்த்ததுதான். பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு ஒட்டியதை, வாங்க வரும் எந்த பையரும் எடுக்கமாட்டார். அந்த அம்மாள் வரும் நாள் காலையில் ஒரு ஷீட் ஸ்டிக்கரோடு மேசைக்கடியில் புகுந்தேன். காலில் கீறல் நான்கு. பூச்சி அரித்த துளை ஆறு. மாற்றி அடித்த ஆணி இரண்டு. ஆடும் கைப்பிடி ஒன்று. மைக்கறை மூன்று. முன்பலகையின் உட்புறத்தில் அம்மா பேனாவால் கணக்குச் சூத்திரங்கள் எழுதிவைத்திருந்தார். அதையும் ஒரு கறையாகவே எடுத்துக்கொண்டேன். மொத்தம் பதினேழு.

அப்பா கவனித்தபோது கார் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாள் சிரித்தபடியே ஒவ்வோர் அம்பாகத் தொட்டுக்கொண்டு போனார். துளைகளைக் கண்டு அவருக்குச் சந்தோஷம் கூடியதுபோல இருந்தது. கடைசியாக முன்பலகையை இறக்கினார். இது யார் எழுதியது என்று அண்ணன் வழியாகக் கேட்டார்.

"நாந்தானுங்க," என்றார் அம்மா. "பரீட்சைக்குப் படிக்கறனுங்க. அழிச்சுக் குடுத்தர்றனுங்க."

அண்ணன் அதைச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பலகையை மெல்ல மூடினார். அம்மாவைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். அண்ணன் அதைச் சுருக்கிவிட்டார்.

"மேடத்துக்கு வேண்டாங்களாம்."

பனியன் ஆர்டரில் மாற்றமில்லை. அவர்கள் போனபின் அம்மா அம்புகளை நகத்தால் உரித்தார். "ஏங் கண்ணு, அடி வரைக்குமா போனே?" என்று கேட்டாரே தவிர, திட்டவில்லை.

இப்போது எனக்குத் தரப் பரிசோதனைதான் வேலை. பழைய மேசையில் பூச்சித்துளை குறையல்ல, வயதுக்குச் சாட்சி என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அன்று அது தெரியாது. வெளிநாட்டு பையரையே ரிஜெக்ட் பண்ணவைத்தேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினாறு அம்புகளுக்குச் சிரித்தவர் பதினேழாவதில் ஏன் சிரிப்பை நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.