பூட்டைக் கழற்றிய நாள்

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் பெண்கள் பாத்ரூம் சாவி சூப்பர்வைசர் அண்ணனிடம்தான் இருக்கும். அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டே நாங்கள் ஒன்பது பெண்களும் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டோம்.

உறையூர் பர்வீன் அக்கா சிறுநீர்த் தொற்றால் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இன்று வேலைக்கு வந்தார்.

"ஏம்மா இத்தனை நாள்?" என்றார் முதலாளி.

அக்கா தலைகுனிந்து நின்றார். நான் சொல்லிவிட்டேன்.

"தண்ணி குடிக்காம வந்ததுங்க சார். குடிச்சா சாவி கேக்கணும். வெக்கமா இருக்குங்க."

முதலாளி உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "அந்தப் பூட்டையே கழட்டிடுங்க. இனிமே யாரும் கேக்க வேண்டாம்."

மதியம் ஒன்பது பேரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தோம். அக்கா மட்டும் இரண்டு பாட்டில்.

உங்கள் வேலையிடத்தில் எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறீர்கள்? சொல்லுங்கள், எனக்கு இன்று தைரியம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.