நாலாம் இயலில் ஒரு குடம்

முனைவர் பட்டம் வாங்க எனக்கு ஒன்பது வருஷம் ஆனது. "என்ன டீச்சர், இன்னுமா படிக்கிறீங்க?" என்று வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா வரைக்கும் கேட்டாகிவிட்டது. வாரம் முழுக்க ஒன்பதாம் வகுப்போடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராய்ச்சி செய்தால் வேறு எப்படி ஆகும்? "ஆமாங்க, எனக்கு மண்டையில ஏற லேட்டாகுது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்.

ஆற்றுத் தண்ணீரை எங்கள் டெல்டா ஊர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதுதான் என் ஆய்வு. எந்த ஊருக்கு எத்தனை நாள் முறை, மதகை யார் திறப்பது, தகராறு வந்தால் யார் பேசித் தீர்ப்பது, இப்படி. ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். சில வீட்டில் காப்பி கிடைக்கும். சில வீட்டில் "நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்படித்தான் ஒரு சித்திரை வெயிலில் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கடைமடை ஊருக்குப் போனேன். மேலே இருக்கிற ஊர்களெல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி ஊர். அங்கே குத்தகை நிலத்தில் நெல் போடும் ஒரு அக்கா, என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவர், பேச உட்கார்ந்தார். "முதல் தண்ணி வந்து சேர்றப்ப ஏதாவது வழக்கம் உண்டாக்கா? பூசை, படையல், இந்த மாதிரி?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் கெடையாதே டீச்சர்" என்றார். திருப்பித் திருப்பி வேறு வேறு மாதிரி கேட்டேன். இல்லை, இல்லை. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறேன், முகம் தொங்கிப்போயிருக்க வேண்டும்.

மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முன்னாடி ஒண்ணு செய்வாங்க" என்று ஆரம்பித்தார். கடைமடைக்கு முதல் தண்ணீர் வந்ததும் அதில் ஒரு குடம் மொண்டு, பூச்சுற்றி, மேலே இருக்கிற ஊருக்கு நடந்தே கொண்டுபோவார்களாம். "எங்களுக்கும் வந்து சேந்துச்சு" என்று சொல்லி அந்த ஊர் மதகில் ஊற்றிவிட்டு வருவார்களாம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாகப்பட்டினம் வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து ஊர்களில் விசாரிக்காமல் இல்லை. "இருந்திருக்கும்" என்றார்கள், "இருக்கலாம்" என்றார்கள். என் நோட்டில் நான் "ஆம்" என்று எழுதிக்கொண்டேன். பரீட்சையில் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்தால் காதைத் திருகியிருப்பேன். நாலாம் இயலில் 'குடம் அனுப்பும் வழக்கம்' என்று தலைப்புப் போட்டுப் பதினோரு பக்கம் எழுதினேன். நன்றி, உறவு, நீர்ப் பண்பாடு என்று என்னென்னவோ எழுதினேன். ஆய்வேட்டைப் படித்த வெளியூர்த் தேர்வாளர், இந்தப் பகுதி மிகச் சிறப்பு என்று அறிக்கையில் தனியாகக் குறிப்பிட்டிருந்தார். என் நெறியாளர் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்குப் போன் போட்டுச் சிரித்தார்.

கடைசியில் மிச்சம் இருந்தது பொது வாய்மொழித் தேர்வு. பொது என்றால் பொதுதான். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பேருக்குத்தான் அது. கேள்விகளை நாமே துண்டுச்சீட்டில் எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிடுவோம். அவர்களும் எழுந்து, யோசிக்கிற மாதிரி தாடையைத் தடவிவிட்டுக் கேட்பார்கள். எனக்கும் நாலு சீட்டு தயார். ஆனால் எனக்கு ஒரு ஆசை. தகவல் சொன்னவர்களும் வந்து பார்க்கட்டுமே என்று கடைமடைக்கு ஒரு வேன் அனுப்பினேன்.

அந்த வேனில் ஒரு லஸ்கரும் வந்தார். மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு ஏராளமாகத் தகவல் சொன்னவர். அவருக்கு மரியாதையாக ஆய்வேட்டில் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். மனுஷர் அதைக் கையோடு எடுத்துவந்து, வேன் கிளம்பியதிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்.

கல்லூரியின் கருத்தரங்கக் கூடம். நான் பட்டுப்புடவையில் நின்று பேசி முடித்தேன். திரையில் குடத்துப் படம் பெரிதாக, அதன் கீழே அக்காவின் பெயர். சீட்டு வாங்கிய நாலு பேரும் ஒழுங்காகக் கேட்டார்கள். "வேறு யாராவது?" என்று தேர்வாளர் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்தார்.

"சார், அந்தக் கொடத்து விசயம் நெசம் இல்ல. நானா சொன்னது."

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஒன்பது வருஷம், தெய்வமே! இந்த அக்காவுக்கு இன்றைக்குத்தானா அரிச்சந்திரன் ஆகத் தோன்ற வேண்டும்?

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றார் தேர்வாளர்.

"டீச்சர் வெயில்ல வந்து வாடிப்போய் உக்காந்திருந்தாங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. நோட்டுல கெடக்கும், போவுதுன்னு நெனச்சேன். இப்ப பொஸ்தகத்துல ஏறிடுச்சு. நாங்க நன்றி சொல்லித் தண்ணி வாங்குனோம்னு நாளைக்கு யாராச்சும் படிச்சா என்ன ஆவறது? மேல உள்ளவங்க ஆத்துக்குக் குறுக்க தழையும் மணலும் போட்டு அடைச்சுட்டா, நாங்க மம்பட்டியத் தூக்கிட்டுப் போய் வெட்டி விட்டுட்டு வருவோம். இல்லன்னா ரோட்டுல உக்காருவோம். அது எங்க மொற சார். யாரும் எங்களுக்குப் போட்ட பிச்சை இல்ல."

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

சமாளிக்க வழி இருந்தது. வாய்மொழி வழக்காற்றில் கற்பனைக்கும் இடமுண்டு என்று ஏதாவது அளந்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அக்கா இன்னும் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க சொல்றதுதான் சரி சார். நான் சரியா விசாரிக்கல. அந்தப் பதினோரு பக்கத்தையும் எடுத்துடுறேன்" என்றேன்.

"இது ஒண்ணு இப்படின்னா, மீதி முந்நூறு பக்கத்தை நான் எப்படி நம்புறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் லஸ்கர் எழுந்துவிட்டார். "மீதியெல்லாம் சரிங்க. வேன்ல பதினாலு பேர் இருந்தோம். ஊரு, மதகு, மொற நாளு வர்ற எடமெல்லாம் வரிக்கு வரி வாசிச்சேன். தப்பு இருந்தா விடுவாங்களா? இந்தம்மாவே இத ஒண்ணத்தானே சொல்லுது!" பின்வரிசை மொத்தமும் தலையாட்டியது.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "தேர்வாளர் நான் ஒருத்தன்தான்னு நெனச்சிக்கிட்டு வந்தேன்" என்றார். திருத்தம் செய்து கொடுக்கும் நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேசரி கொடுக்கப் போய்விட்டார்.

இன்றைக்கு அந்தப் பதினோரு பக்கம் இருந்த இடத்தில் அக்கா எழுந்து நின்று சொன்னது நாலு பக்கமாக இருக்கிறது. ஆய்வேட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கேசரித் தட்டோடு நின்ற அக்காவிடம் நேரே போனேன். "ஏங்க்கா, ஏதாவது சொல்லி அனுப்பணும்னா வேற எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்தக் குடத்தை எங்கேருந்து புடிச்சீங்க?"

அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"எங்கேருந்தும் இல்ல டீச்சர். ஒரு வருசமாச்சும் மம்பட்டிய எடுக்காம, ரோட்டுல உக்காராம, காலாகாலத்துல தண்ணி தானா வந்துச்சுன்னா என்ன செய்யலாம்னு வரப்புல உக்காந்து நெனச்சிக்கிட்டு இருப்பேன். அத யாரும் என்கிட்ட கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க."