கரண்ட் போன இடத்திலிருந்து

“படிச்சிட்டு இன்னா, ராக்கெட்டா வுடப் போறா?” என்று மாமா அம்மாவிடம் கேட்டார். நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய அன்று. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அம்மா அவர் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

ராக்கெட் விடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேதியியல் பட்டம் வாங்கி, மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைய தண்ணீரைப் போலவேதான் இன்றைய தண்ணீரும் இருக்கிறது. ஆரம்பத்தில் அடையாள அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டேன். தெருவே பார்க்கட்டும் என்றிருப்பேன். இப்போதெல்லாம் பேருந்தில் உட்கார்ந்ததுமே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறேன். கழுத்து வலிக்கிறது.

போன வாரம் திருவொற்றியூரில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டது. அங்கே நின்றால் நின்றதுதான். பூனாவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகையோடு. வந்த மின்னஞ்சலுக்கு நான் பதில் போடவில்லை. அப்பா இறந்த பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் போனால் அவள் தனி. அவளிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல், கைப்பேசியில் எதையெதையோ தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய விண்வெளித் தொடர் கண்ணில் பட்டது. சின்ன வயதில் நான் உயிராக இருந்த தொடர். எந்தப் பகுதியைத் தேட வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது நாங்கள் கல்மண்டபம் பக்கம் ஒரு குடியிருப்பில் இருந்தோம். டிவி தாஹிரா அக்கா வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழில் பேசும் வெள்ளைக்காரர்களைப் பார்க்க அந்த ஒற்றை அறையில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடிப்போம். அம்மா இறால் உரிக்கும் ஷெட்டிலிருந்து நேராக வந்து வாசலிலேயே நின்றுகொள்வாள். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாலும் அவள் கையில் அந்த இறால் வாசனை போகாது. இன்றைக்கும் மீன்பாடி வண்டி ஏதாவது பேருந்தை உரசிக்கொண்டு போனால், எனக்கு ஞாபகம் வருவது மீன் குழம்பு இல்லை, விண்கலம்தான்.

தொடரில் வரும் பெண்ணின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. கேப்டன் பொண்ணு என்போம். அந்தப் பகுதியில், தூரத்துக் கிரகம் ஒன்றில் குளிரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மருந்து எடுத்துக்கொண்டு அவள் தனியாகப் போவாள். நடுவழியில் எரிபொருள் கசிந்துவிடும். மிச்சமிருப்பது ஒன்று திரும்பி வரப் போதும், இல்லையென்றால் போய்ச் சேரப் போதும். இரண்டுக்கும் போதாது. ஊரில் ரேடியோ முன்னால் அவளுடைய அம்மா. கேப்டன் பொண்ணு விசைமேல் கை வைத்தாள். கரண்ட் போய்விட்டது.

அறை மொத்தமும் “ஓ” என்று கத்தியது. “கரெக்டா கழுத்தறுக்கிறான் பாரு,” என்றார் தாஹிரா அக்கா. கரண்ட் வருவதற்குள் தொடர் முடிந்துபோனது. நான் அழுத அழுகையில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அட்டையால் விசிறிக்கொண்டே அம்மா சொன்னாள்: “வூட்டுக்கு வந்துட்டாடி அவ. அவங்கம்மா சுடச்சுட சோறு போட்டா, துன்னுட்டுப் படுத்துட்டா. நீயும் படு.”

அதுதான் முடிவு என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

அப்படி இல்லை. கேப்டன் பொண்ணு திரும்பவில்லை. அவள் அம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தோட்டத்தில் என்ன காய்த்திருக்கிறது, பக்கத்து வீட்டு நாய் என்ன செய்தது என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். குரல் மெலிந்து மெலிந்து நின்றுபோகிறது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பெண் “உம், உம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பேருந்தில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் தோளைத் தொட்டார். “இன்னாமே, யாராச்சும் பூட்டாங்களா?”

“சீரியல்க்கா.”

“அடச்சீ! நான் பயந்தே பூட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பகுதியைப் போட்டேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“அவ வீட்டுக்கு வந்துட்டான்னு நீ சொன்னியேம்மா?”

“நான் எங்கடி பாத்தேன்? நீ அழுதுகினே கீற. எனக்கு விடிகாலைல ஷெட்டுக்குப் போவணும். ஏதோ சொன்னேன்.”

அவ்வளவுதான். அந்தச் சோற்றை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ கட்டியிருந்தேன். அம்மா என்றால் பெண் திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைப்பாள், அதனால்தான் அப்படிச் சொன்னாள் என்றெல்லாம். பாவம், அவளுக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “சரி, இத்தப் போட்டுக் காமிச்சு இன்னாத்துக்கு அடி போடுற?”

சொன்னேன். பூனா, ஐந்து வருடம், உதவித்தொகை. சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் அதைத் தேய் தேய் என்று தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த பானை அது.

“அந்த அம்மா மாதிரி நாய்க் கதை பேசிகினு இருக்க எனக்கு வராது,” என்றாள் திரும்பாமல். “நான் போவாதன்னுதான் சொல்வேன். தெனமும் சொல்வேன். நீ போறதுன்னா போ.”

“தனியா இருந்துப்பியாம்மா?”

“இருக்க மாட்டேன்னா இன்னா பண்ணுவ? பேஜாரு பண்ணாம எந்திரி. போய்க் கட்டில்ல படு, மூஞ்சியப் பாரு எப்டி கீது.”

படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது லாரிகள் நிற்கின்றன. தாஹிரா அக்கா குடும்பம் மாதவரம் பக்கம் போனதாகக் கேள்வி. ஒரே படத்துக்குப் பதினைந்து பேர் சேர்ந்து கத்துவது இல்லை. அவரவர் கையில் ஒன்று இருக்கிறது, அவரவர் காதுக்குள் அழுதுகொள்கிறோம். கரண்டும் முன்போல அடிக்கடி போவதில்லை. எல்லாவற்றையும் முடிவுவரை பார்த்தாக வேண்டியிருக்கிறது. பொய் சொல்லித் தூங்கவைக்கும் வயதும் எனக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் பூனாவுக்குச் சம்மதம் எழுதி அனுப்பினேன். வேலையை விடுவதாக மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அம்மா சொன்ன சொல் தவறாதவள். இன்று காலை நான் செருப்பு மாட்டும்போதும், “போவாதடி,” என்றாள். “உம்,” என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று.