அதிரும் கைத்தடி

காரைக்காலில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் குணசேகரனுக்குக் கை சும்மா இருக்காது. மிதித்தால் எரியும் விளக்கு, மணலில் புதையாத சக்கர நாற்காலி என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார். பார்வை போன மீன்காரி அஞ்சுகத்துக்காக, எதிரே ஏதாவது இருந்தால் அதிரும் கைத்தடி ஒன்று செய்தார். யார் துணையும் இல்லாமல் ஏலத்துக்குப் போய்வர வேண்டும் என்பதுதான் அஞ்சுகத்தின் ஆசை.

கடற்கரையில் நடந்து பார்த்தார்கள். நின்ற படகுக்கெல்லாம் தடி ஒழுங்காக அதிர்ந்தது. வெறும் மணலாய்க் கிடந்த ஓரிடத்திலும் அதிர்ந்தது. அஞ்சுகத்தின் கணவர் போன ஐப்பசியில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை; அவர் படகை ஏற்றிவைத்த இடம் அது. அதன்பிறகு அங்கே யாரும் படகு ஏற்றுவதில்லை. அஞ்சுகம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சென்சாரை இரண்டு தடவை மாற்றியும் அங்கே மட்டும் அதிர்வு நிற்கவில்லை.

“தடி பொய் சொல்லுதுக்கா. இத நம்பி ஒங்கள எப்படித் தனியா அனுப்புறது?”

“ஒனக்குக் கண்ணு தெரியுதுல்ல தம்பி, அதான் ஏமாந்து போற.”

மறுநாள் மத்தியானம் குணசேகரன் கண்ணை மூடிக்கொண்டு தடியோடு அங்கே போனார். தடி அதிர்ந்தது. கையை நீட்டினார். ஈரமான கயிறு ஒன்று விரலில் தட்டியது. கண்ணைத் திறக்காமலே சுற்றிக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் தடியை அஞ்சுகத்திடம் கொடுத்தார்.

“சரியாத்தான் இருக்குக்கா. தனியாவே போங்க.”