என் உலாவியில் மட்டும் ஓடிய தண்ணீர் முறை

இணையப் பக்கம் செய்வதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எங்கள் வட்டையில், அதாவது ஒரே வாய்க்காலில் பாயும் வயல்களில், கமக்காரர் சங்கத்துக்குத் தண்ணீர் முறைப் பக்கம் செய்து கொடுத்தேன். எனக்குப் பிடித்த உலாவி ஒன்றின் பெயரைப் போட்டு, 'இதில் மட்டும் திறக்கவும்' என்று மேலே எழுதிவிட்டேன். வேறெதிலும் திறந்து பார்க்கவில்லை.

மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் போதாது. அவரவர் நெல்லின் பருவத்தைப் பதிந்தால், யாருக்கு எப்போது தண்ணீர் என்று பட்டியல் வரும். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வட்டவிதானை அதை வாசிப்பார். தண்ணீரைப் பங்கிட நாங்கள் தெரிந்தெடுத்தவர் அவர். பட்டியலில் இல்லாத வயலுக்குக் கடைசி முறைதான்.

அந்தச் சனிக்கிழமை பகல் ஓட்டமாவடியிலிருந்து எங்கள் வட்டையில் வயல் செய்யும் முஸ்லிம் அக்கா ஒருவர், ராத்தா என்று கூப்பிடுவோம், வீட்டுக்கே வந்துவிட்டார். அவருடைய நெல் குடலைப் பருவம், கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கும் நேரம். கடைசி முறை வரை தண்ணீர் காணாவிட்டால் எல்லாம் பதர். மூன்று நாளாகப் பொத்தானை அமர்த்துகிறாராம், பதியவில்லை. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய கைப்பேசியை நீட்டினார். அதோடு வந்த உலாவியில்தான் திறந்திருந்தார்.

"இது உங்கட போன்ல உள்ள பிழை ராத்தா. நான் எழுதியிருக்கிற பிரவுசரை ஏத்துங்க" என்றேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

"ஏத்த இதில இடமில்ல தம்பி. நான் ஒண்டு கேக்கன். விதைப்புக் கூட்டத்தில கடைசி நாள எல்லாரும் சேந்துதானே முடிவெடுக்கம்? ஆரு என்ன நெல்லு, ஆருட மெசின் எண்டு கேக்கிறல்ல. அந்த நாளுக்குள்ள விதைச்சா எல்லாருக்கும் தண்ணி. உங்கட பக்கத்துக்கு மட்டும் ஏன் ஒரு மெசின்?"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது.

உலாவிகள் போட்டி போடட்டும். ஒன்று வேகமாக ஓடட்டும், இன்னொன்று அழகாகக் காட்டட்டும். போட்டி இல்லாமல் எதுவும் இவ்வளவு முன்னேறியிருக்காது. ஆனால் எல்லா உலாவிகளும் ஒப்புக்கொண்ட பொது விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி எழுதிய பக்கம் எதிலும் திறக்கும். நானோ என் உலாவி மட்டும் அறிந்த வசதி ஒன்றில் அந்தப் பொத்தானைச் செய்திருந்தேன். தெரியாமல் அல்ல, சோம்பலில்.

ஒரு மணி நேரத்தில் பொது விதிப்படி மாற்றி எழுதினேன். மேலிருந்த வரியையும் அழித்தேன். ராத்தா அமர்த்தினார். பதிந்தது. "இப்ப சரி" என்றார். எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், பதிய முடியாதவர்கள் இன்னொரு முறை பாருங்கள் என்று எழுதினேன். யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எவரும் முறையிடவில்லையே. மூன்றரை மணிக்குள் பதினொரு வயல்கள் வந்து விழுந்தன.

அதில் ஒருவரை எனக்குத் தெரியும். தொலைபேசியில் எடுத்து, "ஏன் அண்ணே ஒரு வார்த்தை சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"எனக்குப் படிப்பில்லதானே தம்பி. எனக்குத்தான் விளங்கல்ல எண்டு பேசாம இருந்தன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"பிழை உங்களில இல்லண்ணே," என்றேன், "என்னில."