நியூவே தீவும் என் மகளின் வீட்டுப்பாடமும்

நோர்வேயில் ஆசிரியையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வந்து பத்து வருடமாகியும் எனக்கு வாய் வரவில்லை. 'ரீச்சர்' என்றே தொடங்கிவிடுகிறேன். அந்த ரீச்சர் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கி வகுப்பில் பேச ஆளுக்கொரு நாடு கொடுத்தார். என் மகள் ஆர்த்திக்கு விழுந்தது நியூவே. நியூசிலாந்துக்கு வடகிழக்கே, பசிபிக் கடலில் தனியே நிற்கும் பவளத் தீவு. ஓர் ஆறுகூட இல்லை. பதினாலு கிராமங்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அந்த இடத்துக்கு இருபது பேர் கொண்ட சட்டசபை, ஒரு பிரதமர். தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள். நியூசிலாந்துக் குடியுரிமையும் உண்டு. வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கே அதைவிடச் சனம் வரும். அவ்வளவு சனத்தையும் இராணுவம் பாதையைப் பூட்டி உள்ளே வைத்திருக்கிறது, கேட்க ஆளில்லை.

அந்தக் கோபத்திலேயே பிறிஸ்டல் மட்டை என்ற தடித்த அட்டையில் முழுவதையும் நானே எழுதி, படம் கீறி, ஆர்த்தியைப் பாடமாக்க வைத்தேன். யாழ்ப்பாணத்தில் நான் படிக்கும்போது சித்தப்பா கீறித் தந்த இலங்கைப் படத்துக்கு எனக்கு முதற்பரிசு கிடைத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. இங்கே ரீச்சர் என்னை அழைத்தார்.

"மிக அழகு. ஆனால் இதில் ஆர்த்தி எங்கே?"

மூலையில் எழுதியிருந்த பெயரைக் காட்டினேன். அவர் பொறுமையாகச் சிரித்தார். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளை தானாகச் செய்தால்தான் வகுப்பில் பேசலாம். நான் கை வைக்கக் கூடாது என்றார்.

பிள்ளைக்கு உதவுவது குற்றமா? வீட்டில் கொதித்தேன்.

"அவையின்ர முறை அது. நீர் எத்தினைதரம் நாலாம் வகுப்புப் படிக்கப் போறீர்?" என்றார் கணவர்.

நான்தான் பிழையோ என்ற யோசனையும் வந்தது. வியாழன் மாலை குரோருட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வாயை மூடிக்கொண்டு பார்த்திருந்தேன். ஆர்த்தி தன் படத்தில் ஆட்களுக்காகத் தீவில் சில புள்ளிகளும் நியூசிலாந்தில் நிறையப் புள்ளிகளும் வைத்தாள்.

"நியூவே ஆக்கள் கனபேர் அங்கைதான் இருக்கினம். சண்டையா அம்மா?"

"இல்லை. வேலைக்கு, படிப்புக்குப் போனவை."

"அப்ப விரும்பினால் திரும்பிப் போகலாமோ?"

"ஓம்."

வேறொரு தாளில் இலங்கையையும் நோர்வேயையும் கீறினாள். ஊரில் இன்னும் இருக்கும் மாமாவுக்கு இலங்கையில் ஒரு புள்ளி வைத்தாள். தனக்கும் அப்பாவுக்கும் நோர்வேயில்.

"நீங்கள் எங்கை?"

"மாமாவுக்குப் பக்கத்திலை வை," என்றேன், யோசிக்காமல்.

வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இஞ்சை எனக்கு ஆர் தலை இழுத்துப் பின்னுறது?"

பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கினேன். நோர்வேயில் அவளுடைய புள்ளியை ஒட்டி இன்னொரு புள்ளி வைத்தேன். இலங்கையில் இருந்ததை அழிக்கவில்லை.