டிராகனின் கழுத்தில் ஒரு துளை

பட்டறையில் அவளுக்கு ஈரலக்கா என்று பெயர். மருத்துவக் கல்லூரிகளுக்கு உடலுறுப்பு மாதிரிகள் செய்து அனுப்பும் இடம் அது. இதயத்துக்கு ஒருத்தி, சிறுநீரகத்துக்கு ஒருத்தி என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈரலுக்கு இவளைப்போல் வண்ணம் பூச ஆள் கிடையாது. தொட்டால் கையில் ஒட்டும் போலிருக்கும். அந்தப் பெயரை அவள் பட்டம் வாங்கியதுபோல் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். விடுகிறவராக இருந்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சுக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை. கழுத்தின் அடியில் ஒரு துளை, எல்லாம் அது வழியாகத்தான். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கழுத்தில் அழுத்தினால் குரல் வரும், மாவு மெஷினுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல. சந்தையையே கட்டி இழுத்த மனிதர் இந்தக் குரலோடு தெருவில் இறங்குவாரா? ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகவில்லை. யாராவது வந்தால் துளைக்கு மேல் கட்டியிருக்கும் கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளறைக்குள் போய்விடுவார். மனுஷர் அந்த அறைக்குள்ளேயே தேய்ந்து போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். வேறு கவலை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இந்த நேரத்தில்தான் அருங்காட்சியகத்திலிருந்து அந்த வேலை வந்தது. முழு உருவத்தில் ஒரு டிராகன், ஒரு பக்கம் அறுத்துக் காட்டியதுபோல், உள்ளே உறுப்புகளோடு.

“டிராகன்னு ஒண்ணு கிடையாதுன்னு எங்களுக்கும் தெரியும்,” என்றார் வந்திருந்த அதிகாரி அம்மா. “இருந்திருந்தா எப்படி நெருப்பு கக்கியிருக்கும்னு காட்டணும். பொய்யா இருக்கலாம், பொருந்தாம இருக்கக் கூடாது.”

பட்டறை இரண்டு பட்டது. மாட்டு வயிற்றில் வாயு ஊறுவதுபோல் ஊறட்டும், அதை ஒரு பையில் சேர்க்கலாம் என்றாள் ஈரலக்கா. சிறுநீரகக்காரி ஒப்பவில்லை.

“பாம்புக்கு விஷம் ஊறுற இடத்துல ரெண்டு பை வைக்கலாம்க்கா. ரெண்டும் வேற வேற திரவம், சேர்ந்தா கொதிக்கும். ஒரு வண்டு அப்படித்தான் பின்பக்கமா பீச்சுது.”

“இதுவும் பின்பக்கமா கக்கினா கூட்டம் அள்ளும்,” என்றாள் இதயக்காரி.

கடைசியில் வயிற்று வாயுவே ஜெயித்தது. பொறி கிளப்பக் கல்லைப்போல் உரசும் கடைவாய்ப் பற்கள். வாய் வெந்துபோகாமலிருக்க உள்ளே கெட்டியான வழவழப்புப் பூச்சு.

தொண்டையில்தான் கோட்டைவிட்டார்கள். அவசரத்தில், கைக்குப் பழகிய மனிதத் தொண்டை அச்சையே பெரிதாக்கி வார்த்துவிட்டார்கள். வண்ணம் பூசும்போதுதான் ஈரலக்காவுக்கு உறைத்தது. நம் தொண்டையில் சோறு போகும் வழியும் மூச்சு போகும் வழியும் ஒரே இடத்தில் கூடுகின்றன. நெருப்பைக் கக்கிவிட்டு அடுத்த மூச்சை இழுத்தால் மிச்ச நெருப்பு நேரே நுரையீரலுக்குப் போகும். இந்த டிராகனுக்கு முதல் சீற்றமே கடைசிச் சீற்றம்.

மூச்சு தனி வழி, வாய் தனி வழி என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒரு கழுத்து அவள் வீட்டிலேயே இருந்தது. கட்டினவருடைய காயத்தைக் காட்சிக்கு வைப்பதா என்று கை கூசியது. ஆனால் தப்பென்று தெரிந்த உறுப்பை அனுப்பவும் மனம் வரவில்லை. மூச்சுக்குழாயின் மேல்வாயை அடைத்து, கழுத்தடியில் ஒரு துளை போட்டாள். பட்டறையில் எல்லாரும் மெச்சினார்கள். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டாள்.

காட்சி திறப்பதற்கு முந்தின நாள், சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்.

“ஏங்க, கோவிச்சுக்கக் கூடாது. அந்த டிராகனுக்கு உங்களுக்கு இருக்கிற மாதிரியே மூச்சுக்கு வழி வெச்சிருக்கேன். அது இல்லாம அது பிழைக்காது.”

அவர் தட்டை நகர்த்திவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தானே அவரை இன்னும் உள்ளே தள்ளிவிட்டோம் என்று அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார். ஏதும் கேட்டால் திரும்பிவிடுவாரோ என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அருங்காட்சியகக் கூடத்தில் நல்ல கூட்டம். அவர் டிராகனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கழுத்தருகே நின்றார். நின்றவர் நின்றவர்தான். பிறகு அவர் பையிலிருந்து கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார். அந்த ஓசைக்குக் கூடமே திரும்பியது.

“துளை சரி. மூடி எங்க?” என்றார். “பறக்கிறப்போ தூசி, பூச்சி எல்லாம் நேரா உள்ள போகும். இருமியே செத்துடும்.”

அதிகாரி அம்மா பக்கத்தில் வந்தார். “அப்போ எப்படி மூடணும்? மூச்சும் போகணுமே?”

அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் கழுத்துத் துணியை அவிழ்த்தார். துளை எல்லார் கண்ணிலும் பட்டது. ஒரு கையில் கருவி, இன்னொரு கையில் துணி. சந்தையில் சரக்கைக் காட்டுவதுபோல் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்கும் தெரியுதா?” என்று கேட்டுவிட்டு விளக்க ஆரம்பித்தார்.